நல்லா இருக்கிறவங்க ரத்தம்

ஈர ஸ்பாஞ்சால் பொம்மையின் தோளைத் துடைத்துக்கொண்டே தனக்கோடி பேசுவாள். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சை மண் பொம்மையில், இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு தடம் ஓடும். அதைச் சுரண்டி வழவழப்பாக்குவதுதான் விருத்தாசலம் பீங்கான் கம்பெனியில் அவளுக்குப் பதினாறு வருட வேலை. கை நிற்காது, வாயும் நிற்காது. டீக்கு மூன்று கரண்டி சர்க்கரை. "எனக்கு என்னாத்துக்கு சுகரு வருது? தலவலின்னு ஒரு மாத்தர போட்டதில்ல" என்பாள்.

போன தை மாதம் டாக்டர் சுபாஷினி சர்க்கரை நோய் ஆய்வு ஒன்றுக்காகக் கம்பெனிக்கு வந்தார். ஒப்பிட்டுப் பார்க்க நோய் எதுவும் இல்லாதவர்களின் ரத்தம் வேண்டும் என்றார். பெண்கள் தயங்கினார்கள். முதலில் கையை நீட்டியது தனக்கோடிதான். "வாங்கடி, எறும்பு கடிச்சாப்புலதான் இருக்குது" என்று பதினோரு பேரை இழுத்து வந்து உட்கார வைத்தாள்.

ஒரு மாதம் கழித்து அவளை மட்டும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். சர்க்கரை அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் இன்சுலின் சுரக்கும் கணையத்தைத் தாக்குகிற எதிர்ப்புப் பொருள் ஒன்று அவள் ரத்தத்தில் இருந்தது.

"அப்பன்னா சுகரு வந்துடுச்சுங்களா?"

"இல்லைங்க, இப்ப நோய் இல்ல. பின்னால வரலாம், வராமலும் போகலாம். அப்பப்ப வந்து பாத்துக்கணும்."

"டீயில சக்கர அள்ளிப் போட்டதாலயா?"

"அதனால இல்லைங்க. ஒடம்பு தன்னோட கணையத்தயே வேத்தாளுன்னு நெனச்சுடுது."

தனக்கோடி டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலித்திருந்தால் நம்பியிருப்பாள். ஒரு நாள் காய்ச்சல் அடித்திருந்தாலும் நம்பியிருப்பாள். காலையில் தெம்பாக நடந்து வந்த இந்த உடம்பா, தனக்கே தெரியாமல் தன்னோடு சண்டை போடுகிறது? கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்: "எம்பொண்ணுக்கும் இருக்குமா?"

மறுநாள் வேலையில் அவள் பேசவே இல்லை. தேய்த்துத் தேய்த்து ஒரு பொம்மையின் மூக்கையே எடுத்துவிட்டாள். மேஸ்திரி மாயவன் பார்த்தார். வேறு பொம்மையை அவள் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே, பன்னிரண்டாவது படிக்கும் மகள் தேவியை அதே சோதனைக்கு ரத்தம் கொடுக்க அழைத்துப் போனாள். "எனக்குத்தான் ஒன்னும் இல்லியேம்மா" என்றாள் தேவி.

"எனக்குந்தான் ஒன்னும் இல்லாம இருந்துச்சு."

இருபது நாள் கழித்து முடிவு வந்தது. தேவிக்கு இல்லை. டாக்டர் அதை இரண்டு முறை சொன்னார்.

வெளியே வந்ததும், "வாம்மா, பஸ்ஸு போயிடும்" என்றாள் தேவி. தனக்கோடி நகரவில்லை. மகளின் கையைத் திருப்பிப் பிடித்து, முழங்கை மடிப்பில் ஊசித் தடம் எப்போதோ மறைந்துவிட்ட இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றாள்.