வெள்ளிப் பசையோடு பருத்தித்துறைக்கு

கடந்த ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பருத்தித்துறைக்குப் போனேன். பையில் வெள்ளி நுண்துகள்கள் நிறைந்த பசை இருந்தது. ஒட்டுவதோடு மின்சாரத்தையும் கடத்தும். ஈயம் பற்றவைத்தால் உருகிவிடும் மெல்லிய பிளாஸ்ரிக் நாடாக்களில் அறுந்த மின்கோடுகளை எங்கள் ஆய்வுகூடத்தில் இந்தப் பசையால்தான் இணைக்கிறோம்.

தோழியின் அண்ணன் குகன் மீன்பிடிக்கிறவர். அவருடைய ஜீ.பி.எஸ். கருவிக்குள் அப்படியொரு நாடாவில் வெடிப்பு விழுந்து, கருவி செத்துக் கிடந்தது. பன்னிரண்டு வருடமாக அவர் குறித்துவைத்த மீன்படும் இடங்கள் அதற்குள் மட்டுமே இருந்தன.

கொழும்புப் பேருந்து காலை 5.40க்கு யாழ்ப்பாணத்தில் இறக்கியது. அங்கிருந்து பருத்தித்துறைக்குப் பேருந்தில் 34 கிலோமீற்றர், ஒன்றேகால் மணிநேரம், 170 ரூபா. (வழியில் வல்லைவெளிக் காற்றுக்குத் தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள்.) பிறகு ஓட்டோ, 300 ரூபா. "உந்த வெயிலுக்கை கடற்கரையிலை என்ன பாக்கப் போறியள்?" என்று ஓட்டோக்காரர் சிரித்தார்.

குகன் அண்ணை வீட்டு முற்றத்தில் கருவியைத் திறந்து, நாடாவின் வெடிப்பில் ஊசிமுனையால் பசை தடவினேன். "வெயிலிலை ஒரு மணித்தியாலம் வையுங்கோ, அண்ணை" என்று சொல்லி, கலந்த பசையின் மிச்சத்தை அங்கேயே வைத்துவிட்டுக் கலங்கரை விளக்கம்வரை நடந்தேன்.

இருபத்தைந்து நிமிடத்தில் திரும்பியபோது கருவியின் உட்புறம் முழுக்க வெள்ளியாக மின்னியது. கடலுக்குப் போகும் எந்தப் பொருளின் இடைவெளியையும் எதையாவது பூசி அடைப்பது இந்தக் கரையின் பழக்கம்.

"மிச்சத்தையும் பூசிவிட்டன், தங்கச்சி. இனி உப்புக்காத்து உள்ளை போகாது" என்றார் குகன் அண்ணை. கையில் பற்றறி.

"வைக்காதேங்கோ!"

நான் அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. பசை எல்லா முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்திருந்தது. பற்றறி தொட்டால் அத்தனையும் எரிந்திருக்கும்.

"பசைதானே, பிள்ளை?"

"கரண்ட் போற பசை, அண்ணை."

அவர் அப்படியே மணலில் குந்திவிட்டார். அவர் மனைவி ஜெயா அக்கா என்னைப் பார்த்தார். "உதை முதலே சொல்லியிருக்கலாமே?" வீட்டில் ஸ்பிரிட் இருக்கிறதா என்று கேட்டேன்.

நல்லவேளை, பசை இறுகியிருக்கவில்லை. ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டு, வெடிப்பில் இருந்ததை மட்டும் விட்டு, இரண்டரை மணிநேரம் துடைத்தோம். மறுபடி வெயிலில் வைத்தோம். பிறகு பற்றறியைப் போட, திரை ஒளிர்ந்தது. அண்ணை கை நீட்டுமுன் ஜெயா அக்கா கருவியைப் பறித்து, ஒரு கொப்பியை என்னிடம் தந்தார்.

"நான் வாசிக்கிறன், நீர் எழுதும். இவர் கரைக்கு வரவேணுமெண்டு தினமும் கும்பிடுறன். உந்தப் பெட்டிக்கும் சேர்த்துக் கும்பிடேலாது."

எண்பத்தாறு இடங்கள். எழுதி முடித்த பிறகுதான் தேநீர் வந்தது.

இப்படித் திருத்தப் போகிறவர்கள் பசையைத் தேவையான அளவு மட்டும் கலந்துகொள்ளுங்கள், ஸ்பிரிட் கொண்டுபோங்கள், அது என்ன செய்யும் பசை என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தப் பற்றறி உள்ளே போயிருந்தால் குகன் அண்ணையிடமும் ஜெயா அக்காவிடமும் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.