சாமிக்கு நேர்ந்த முடி

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும்; ஆனாலும் இதை நானே எழுதுகிறேன்.

மூத்தவன் கைக்குழந்தையாக இருந்தபோது வாந்திபேதியில் சாகக் கிடந்தான். பிழைத்தால் கதிர்காமத்தில் அவன் முடியை இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை லீவு தரவில்லை. வருடங்கள் ஓடின, முடியும் இடுப்பு வரை வளர்ந்தது.

மீசை அரும்பும் வயதில், கங்காணி அடித்துவிட்டார் என்று கோபித்துக்கொண்டு சிநேகிதனோடு பூனாகலைத் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டான். துரை கையால் விலகல் துண்டுச் சீட்டு வாங்காமல் தோட்டத்தை விட்டுப் போனால் அந்தக் காலத்தில் மறியல்தான், ஜெயில்தான். வழியிலேயே பிடித்து, வழக்கு முடியும்வரை இரண்டு பேரையும் பதுளையில் விளக்கமறியலில் வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெமோதரைத் தோட்டத்திலிருந்து ரொட்டி கட்டிக்கொண்டு நடப்பேன். கடைவீதியில், நான் 'நானா' என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் முதலாளி தன் கடை வாசலில் உட்காரச் சொல்லித் தண்ணீர் தருவார். சிறைக் காவல்காரருக்கோ என்னைக் கண்டாலே இளக்காரம்.

"ஒன் மகன் என்னா, பொம்பளப் புள்ளயா? உள்ள ஒக்காந்து சட பின்னுறான்!"

"சாமிக்கு நேந்துக்கிட்டா நீங்களும் பின்னுவீங்கய்யா."

சிநேகிதன் முதல் வழக்குத் தவணையிலேயே குற்றத்தை ஒத்துக்கொண்டான். தண்டனை கிடைத்ததும் தலையை மழித்தார்கள். சீக்கிரமே தோட்டத்து லயத்து வீட்டுக்கும் வந்துவிட்டான். இவன் ஒத்துக்கொள்ளவில்லை. வழக்கு முடியாதவன் முடியில் கை வைக்க மாட்டார்களாம்.

"ஒத்துக்கிட்டு வந்துர்றா சாமி. என்னால நடக்க முடியல" என்றேன் ஒருநாள்.

"சாமிக்குன்னு வளத்தத ஜெயில்காரன் செரைக்கவா, ஆத்தா? நீ வராட்டியும் பரவாயில்ல. நான் இருந்துக்கிறேன்."

அடுத்த வாரமும் நடந்தேன். சாட்சி சொல்ல வேண்டிய துரை தவணைக்குத் தவணை வரவில்லை. சிநேகிதனுக்கு மழித்த முடி மறுபடி வளர்ந்து எண்ணெய் வைத்துச் சீவுமளவுக்கு வந்துவிட்டது. இவன் இன்னும் உள்ளேயே கிடந்தான். கடைசியில் துரை சீமைக்கே போய்விட்டார். வழக்கைத் தள்ளுபடி செய்து, முடியோடு என் மகனை வெளியே விட்டார்கள்.

புதுத் துரை லீவு தந்தார். ஆடித் திருவிழாவுக்குக் கதிர்காமம் நடந்தோம். மாணிக்க கங்கைக் கரையில் முடி இறக்கி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசினோம். திரும்பும் வழியெல்லாம் வெயில். பதுளைக்கு வந்து சேரும்போது வியர்வையில் சந்தனம் முழுவதும் கரைந்து போயிருந்தது.

கடை முதலாளி அவன் தலையைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"அடடா தங்கச்சி, இவ்வளவு நாள் வச்சிருந்துட்டு, கடசியில மழிச்சுட்டாங்களா?"

"சாமிக்குக் குடுத்தது, நானா! ஜெயில்ல ஒரு முடி விழல!"

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முதலாளி நம்பினார். லயத்தில் நம்பவில்லை. அவனுக்குத் தலை நரைத்துவிட்டது, இன்றைக்கும் அவனை 'ஜெயில் மொட்டை' என்றுதான் சொல்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

பேத்தி, இந்தா, வாசி. மாணிக்க கங்கை வருகிற இடத்தைச் சத்தமாக வாசி. பக்கத்து வீட்டுக் காம்பராவுக்கும் கேட்கட்டும்.