தஸ்லிமாவின் பாதிப் பாடங்கள்

மேலப்பாளையத்துத் தஸ்லிமா, தானமாக வந்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ரகம். கறிக்கடையில் எலும்பைத் தனியாக எடுத்துக் காட்டச் சொல்லுவாள். துபாயிலிருந்து கணவன் ரசீத் அன்பாக நாலு வார்த்தை சேர்த்துப் பேசிவிட்டால், என்ன விஷயம், முதலில் அதைச் சொல்லுங்கள் என்பாள். ஊரில் யாரும் இதைக் குற்றமாக நினைக்கவில்லை. ஏமாறாமல் பிழைக்கத் தெரிந்தவள் என்றுதான் பேர்.

அப்படிப்பட்டவளிடம் போய், அவள் புள்ளியியல் நடத்துகிற பெண்கள் கல்லூரியின் முதல்வர் மஹாலக்ஷ்மி ஒரு நல்ல சேதி சொன்னார். தங்கள் கல்லூரியையும் சேர்த்து ஆற்றோரத்துக் கல்லூரிகள் மூன்றும் உடன்குடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றும் கூட்டுச் சேர்ந்திருக்கின்றனவாம். இனி இணையவழிப் பாடம், சர்வர், கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற ஆள் எல்லாம் நாலுக்கும் பொது. ஒரு பாடத்தை ஒருவர் பேசிப் பதிவு செய்தால் போதும், நாலு கல்லூரிப் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ளும். தேர்வும் பொதுத் தேர்வு. புள்ளியியலுக்குப் பாடம் பேசுவதும் வினாத்தாள் எடுப்பதும் தஸ்லிமா.

மற்றவர்கள் கை தட்டினார்கள். தஸ்லிமா மட்டும், பதிவு யாருக்குச் சொந்தம் என்று கேட்டாள். எல்லாருக்கும்தான் என்றார் முதல்வர். எல்லாருக்கும் சொந்தமான ஆடு யார் வீட்டு அடுப்பில் வேகும் என்று அவளுக்குத் தெரியாதா? அவளுடையது வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற வேலை. முழுப் பாடத்தையும் பேசிக் கொடுத்துவிட்டால் அடுத்த ஜூனில் திரை பாடம் நடத்தும், தான் வீட்டில் வெங்காயம் உரிக்க வேண்டியதுதான்.

மாட்டேன் என்றால் அதற்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள். யோசித்தவளுக்கு மாமா காஜா முகைதீன் நினைவுக்கு வந்தார். கல்யாண வீடுகளில் பிரியாணி ஆக்குகிற பண்டாரி அவர். மசாலா சேர்க்கிற நேரம் மட்டும் எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொள்வார். அடுத்த கல்யாணத்துக்கும் அவரையேதான் கூப்பிட்டாக வேண்டும். தஸ்லிமாவும் அதே வழியில் போனாள். கேமராவுக்கு முன்னால் சிரித்த முகத்தோடு கணக்கைத் தொடங்குவாள். நடுவழி வந்ததும், மீதியை வகுப்பில் பார்ப்போம் என்று முடித்துவிடுவாள். தன் மாணவிகளுக்கு மறுநாள் மீதியைச் சொல்லிக் கொடுப்பாள். மற்ற மூன்று கல்லூரிகளிலும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பாடு.

சில வாரம் கழித்து கிங்ஸ்லி என்று ஒருவர் போன் செய்தார். உடன்குடிப் பக்கம், நானும் புள்ளியியல்தான் என்றார். கணக்கெல்லாம் தனக்குத் தெரியும், ஆனால் வினாத்தாள் எடுப்பவர் எந்த வழியில் முடிப்பார் என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கு நல்லது என்று பணிவாகக் கேட்டார். அந்தப் பணிவுதான் தஸ்லிமாவைக் கிலி பிடிக்க வைத்தது. மீதியை வாங்கித் தன் குரலில் ஒட்டி, முழுப் பாடத்துக்கும் சொந்தக்காரனாகப் பார்க்கிறான் என்று முடிவு கட்டினாள். சளி, காய்ச்சல் என்று தட்டிக் கழித்தாள். அவர் மறுபடியும் மறுபடியும் கூப்பிடவே, அந்த எண்ணையே தடுத்து வைத்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

தேர்வுக்கு முன்பு, நாலு கல்லூரிகளுக்கும் சேர்த்து இணையத்தில் சந்தேகம் கேட்கிற நேரம் ஒன்று வைத்தார்கள். உடன்குடிப் பக்கத்திலிருந்து நஸீமா என்ற மாணவி திரையில் வந்து, மீதிப் பாதியைத் தங்களுக்கு யார் சொல்லித் தருவார்கள் என்று கேட்டாள். உங்கள் கிங்ஸ்லி சாரிடம் கேளுங்கள் என்றாள் தஸ்லிமா, கொஞ்சம் குத்தலாகவே.

"சாரத்தான் வேண்டாம்னு அனுப்பிட்டாவளே மேடம். ஒங்க பாடம் வந்த வாரமே போச்சொல்லிட்டாவ."

தஸ்லிமா பயந்த காரியம் அப்படியே நடந்திருக்கிறது, வேறொருவர் தலையில். ஏதோ சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டு, அந்த எண்ணின் தடையை நீக்கிப் போன் போட்டாள். கிங்ஸ்லி இப்போது மைத்துனரின் கருப்பட்டிக் கடையில் இருந்தார். நேரே மன்னிப்புக் கேட்காமல், கடையில் வியாபாரம் எப்படி என்று விசாரித்தாள். அவரே விஷயத்துக்கு வந்தார்.

"மொதல்ல என்னயத்தான் பேசிக் குடுக்கச் சொன்னாவ மேடம். பேசிக் குடுத்தா வேல போயிரும்னு சந்தேகப்பட்டு மாட்டேன்னுட்டேன். அதுக்கப்புறந்தான் ஒங்ககிட்ட வந்தாவ." சிறிதாகச் சிரித்தார். "சாயந்தரம் பிள்ளையளெல்லாம் படிக்க இங்கன கடைக்கு வருதுவ. அந்த மீதிய மட்டும் சொல்லுங்க மேடம், அதுவ பாஸாகட்டும்."

தஸ்லிமாவுக்கு வெட்கமாக இருந்தது. அந்த நேரத்திலும், இந்த ஆள் பேச்சைப் பதிவு செய்கிறாரோ என்று ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. செய்தால் செய்துகொள்ளட்டும் என்று முதல் பாடத்தின் மீதியிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.