தீபாவளிச் சேலைக்குப் பின்னால்

எங்கள் வாழ்க்கையைப் பார்க்க, முறையாக அனுமதி கேட்டு, வெளிநாட்டு விருந்தாளிகள் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளுக்கு வருவார்கள். ஒருமுறை ஒரு தாயும் மகளும் வருவதாக இருந்தது. அன்று வீட்டுச் சுவரில் கை நுழையுமளவு விரிசல். வருகிறவர்கள் முன்னால் மானம் போகக்கூடாதென்று அதன்மேல் தீபாவளிச் சேலையைத் தொங்கவிட்டேன்.

“முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறியா புள்ள?” என்றார் என் வீட்டுக்காரர்.

“சும்மா இருங்க, வந்துட்டாங்க!”

வந்த அம்மா சேலையை ரசித்து, அதன் முன்னே தன் மகளை நிறுத்திப் படமெடுத்தார். தேத்தண்ணி குடிக்க அவர்கள் வாசலுக்கு வந்ததும், சேலையோடு சுவர் சரிந்தது. தெய்வாதீனம், யாருக்கும் காயமில்லை.

தோட்ட நிர்வாகத்திடம் சொன்னோம், சரிந்த இடத்தில் தகரம் அடித்தார்கள், அவ்வளவுதான்.

இப்போது விருந்தாளிகளை நான் வாசலோடு நிறுத்தி, அங்கேயே தேத்தண்ணி கொடுக்கிறேன். பின்சுவரிலும் விரிசல் விட்டிருக்கிறது. அதற்குக் கீழேதான் நாங்கள் படுக்கிறோம்.