பனிக்குள் நின்ற இடக்கை

பேய் பிசாசு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. சுடுகாட்டு வழியே பூண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய்வந்தவன் நான். ஆனாலும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் மலையூர் பள்ளங்கியில் பட்டப்பகலில் நடந்ததை, நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி, சொல்லித்தான் ஆக வேண்டும்.

அரை டிராயர் காலத்திலிருந்து சிலம்பம் சுற்றுகிறேன். ஒரே கோளாறு, எனக்கு நொட்டாங்கைதான் ஓடும். இடது கையால் கம்பு பிடிப்பது சபைக்கு ஆகாது என்று ஒருவரும் எனக்கு ஜோடி நிற்க மாட்டார்கள். அதனால் ஊர் முன்னால் வலது கை, உருளைக்கிழங்குக் காட்டில் தனியாக இடது கை என்று வருஷங்கள் ஓடின. வலது கையில் நான் சுமார்தான். இடது கையில் எப்படி என்று எனக்கே தெரியாது, எதிரில் ஆள் நின்றால்தானே தெரியும்.

கன்னிவாடித் திருவிழாப் போட்டிக்குப் போக வேண்டிய ஆள் காய்ச்சலில் படுத்துவிட, என்னைத் தள்ளிவிட்டார்கள். வலது கையில் இறங்கினால் தோல்வி நிச்சயம். இடது கையில் இறங்கித் தோற்றாலோ, ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம் காட்டுக்குப் போனேன். போட்டியில், அடி பட்ட இடம் தெரிவதற்காகக் கம்பு நுனித் துணியில் ஒருவர் கரியும் மற்றவர் சுண்ணாம்பும் தோய்ப்பது வழக்கம். நான் கரி தோய்த்துக்கொண்டேன். மனக்குழப்பத்தில், மண்ணைத் தொட்டுக் கும்பிட மறந்துவிட்டு நேரே சுற்ற ஆரம்பித்தேன். கம்பு எடுத்தவன் செய்யக்கூடாத தப்பு அது. பனி இறங்கி என் கம்பு நுனியே எனக்குத் தெரியவில்லை.

அப்போது என் கம்பின் மேல் இன்னொரு கம்பு விழுந்தது. மரமாக்கும் என்று நினைத்தேன், மரம் திருப்பி அடிக்குமா? யாரது என்றேன், அடிதான் வந்தது, நானும் விட்டேனா, தடுத்தேன், திருப்பினேன். சத்தியமாகப் பயமே இல்லை, என் இடது கைக்கு ஜோடி கிடைத்த சந்தோஷம்தான். கடைசியில் கீழிருந்து சுழன்று வந்த வீச்சு ஒன்று, நான் பார்த்தே இராதது, என் நெற்றியைப் பட்டும் படாமலும் தொட்டது. பனி விலகியபோது ஈர மண்ணில் என் காலடி மட்டும்தான் இருந்தது.

வீட்டில் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, யாரு கூட நின்னீங்க? நெத்தியில வலது பக்கம் சுண்ணாம்பால்ல கெடக்கு."

வலது கைக்காரன் அடி எதிராளியின் இடது நெற்றியில் விழும். வலது நெற்றியில் தொட்டவன் என்னைப் போல நொட்டாங்கைக்காரன்.

மறுநாள் களத்தில் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டேன், கம்பை இடது கைக்கு மாற்றினேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவரே, "ஏலே, கையை மாத்து" என்று அதட்டினார். மாற்றவில்லை. கீழிருந்து அதே வீச்சு, எதிராளியின் வலது நெற்றியில் என் கரி. அன்றைக்கு விழுந்த மாலையைவிட, இதுதான் என் கை என்று சபையில் நின்றேனே, அதுதான் எனக்குப் பெருமை.

அதன் பிறகு எத்தனையோ களம், என் நெற்றியை ஒருத்தனும் தொட்டதில்லை. தலை நரைத்தும் காட்டில் தனியாகத்தான் சுற்றுகிறேன், கும்பிடாமல் கம்பு எடுப்பதில்லை. திரும்பி வரும்போதெல்லாம் மனைவி முதலில் என் நெற்றியைத்தான் பார்ப்பாள். போன மாசம் பனி நாளில் பார்த்துவிட்டு முந்தானையால் துடைத்துவிட்டாள். முந்தானையில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.