ஏலக்காய் வீட்டு டீயும் நாலு கேள்வியும்

என் தங்கை சென்னையில் தன்னோடு வேலை பார்க்கும் ஒருவரைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “ஊரு நாடு தெரியாத ஆளு” என்று ஒரே ஒரு தடவை முனகியதோடு சரி. அப்பா மனசுக்குள் என்னதான் ஓடுகிறது என்று தெரியாமல் எனக்கு மண்டை காய்ந்தது. தங்கை போனில் அழுவாள். பேச்சை எடுத்தாலே அப்பா, போடிமெட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் சின்ன ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஏறிவிடுவார்.

அந்தப் பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாக முடிவானது. ஊர் தெரியாததுதானே குறை, பரீட்சை வைத்தே பார்த்துவிடுவோம் என்று நினைத்தேன். நான் பள்ளிக்கூட டீச்சர். கேள்வித்தாள் போடுவதுதான் என் சோலியே.

வந்தவருக்கு டீ கொடுத்த கையோடு தாளையும் பேனாவையும் நீட்டினேன். தங்கை என்னை முறைத்தாள். அவரோ சமர்த்தாக மடியில் தாளை வைத்து எழுதிக் கொடுத்தார். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி நான் வாசித்துத் திருத்த ஆரம்பித்தேன். அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

முதல் கேள்வி: கொடியில் கிடக்கும் துணியை எடுக்கலாமா வேண்டாமா என்று எதைப் பார்த்து முடிவு செய்வாய்? போனைப் பார்த்து என்று எழுதியிருந்தார். தப்பு. மேற்கே மலையைப் பார்க்க வேண்டும். அங்கே மேகம் இறங்கிவிட்டால் இங்கே வெயிலடித்தாலும் துணியை அள்ள வேண்டியதுதான்.

இரண்டாவது: தோட்டத்துக்குப் போகும் ஜீப் நிறைந்துவிட்டது. அடுத்து வரும் அக்கா எங்கே உட்காருவார்? அடுத்த ஜீப்பில், என்றது விடை. அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் ஜீப் நிறைந்து யார் பார்த்தது?

மூன்றாவது: பொட்டிபுரத்து மலைக்குள்ளே நியூட்ரினோ ஆராய்ச்சி வரலாமா என்று டீக்கடையில் பேச எவ்வளவு படித்திருக்க வேண்டும்? மனுஷன் ஒரு பக்கம் முழுக்க இயற்பியல் எழுதி வைத்திருந்தார். படிப்பே தேவையில்லை, குரல் இருந்தால் போதும். அதற்கும் முட்டைதான்.

கடைசிக் கேள்வியில் நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தேன். ஏலக்காய் விளைகிற வீட்டில் முதல்தரக் காயை யாருக்கு டீயில் போடுவார்கள்? முதலாளி, கலெக்டர், மருமகன், யாருக்கும் இல்லை. கடைசி விடைதான் சரி என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நல்ல பச்சைக் காயைப் பொறுக்கி மூட்டை கட்டிவிட்டால், அது விற்கப் போகும்வரை வீட்டில் ஒருவரும் தொடக் கூடாது. வெடித்ததும் வெளுத்ததும்தான் அடுப்படிக்கு வரும், அதுவும் பாயசத்துக்கு. தினசரி டீக்கு இஞ்சிதான்.

அவர் ‘மருமகன்’ என்பதைச் சுழித்திருந்தார். இன்னும் ஆகவே இல்லை, அதற்குள் எவ்வளவு தைரியம்! அதை வாசித்ததும் யாரும் சிரிக்கவில்லை. சிவப்புப் பேனாவால் தப்புப் போட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள் அறைக்குப் போனார். சாக்குத் தையலைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. மறுநாள் விற்பனைக்குப் போகக் கட்டி வைத்த மூட்டை அது. அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். திரும்பி வந்தவர் உள்ளங்கை நிறையப் பச்சைக் காயைத் தங்கையிடம் நீட்டினார்.

“மாப்ளைக்கு டீ ஆறிப்போச்சு பாரு. இதத் தட்டிப் போட்டு வேற கொண்டா.”

பிறகு என் பக்கம் திரும்பி, “அந்தக் கேள்விக்கு மார்க்குப் போடு ஆத்தா” என்றார்.

போட்டேன். தங்கை அழுதுகொண்டே காயைத் தட்டினாள். வாசம் தெருவரை போயிருக்கும். எனக்கும் ஒரு டம்ளர் கிடைத்தது. அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த நான், அப்படியொரு டீயை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் குடித்தேன்.