கன்டெய்னர் கதவில் எழுதிய தெங்கே விலை

ராயபுரத்தில் நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய இந்தத் தோளை நம்பி பிஷ்கேக்குக்குப் போய், இரண்டு கன்டெய்னர் கடை போட்டேன். வண்ணாரப்பேட்டை நைட்டியைக் கிர்கிஸ் நாட்டுப் பெண்களை உடுத்த வைத்தேன். ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாமல் ரஷ்ய மொழியில் பேரம் பேசினேன். திருவொற்றியூரில் மாடி வீடு கட்டினேன். கை தூக்கிவிட ஒருத்தரும் இல்லை. இவற்றோடு இன்னொன்றையும் உண்டாக்கினேன். அதைத்தான் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

அங்கே குளிர்காலத்தில் கடைப்பூட்டை லைட்டரால் சுட்டால்தான் திறக்கும். நம் ஊரில் கடலுப்பு தின்று பூட்டு போகும். அங்கே பனி கவ்விக்கொள்ளும். சந்தை முழுக்கக் கன்டெய்னர்கள்தான். கீழே உள்ளது கடை, மேலே உள்ளது கிடங்கு. துறைமுகத்தில் எத்தனையோ கன்டெய்னருக்குச் சரக்கு ஏற்றியிருக்கிறேன், அதற்குள்ளேயே நின்று பிழைப்பேன் என்று நினைத்ததில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் கஜகஸ்தானிலிருந்து பஸ்ஸில் வரும் பெண்கள் மொத்தமாகச் சரக்கு எடுப்பார்கள். அவர்கள் கையில் இருப்பது அவர்கள் நாட்டுப் பணம் தெங்கே, எனக்கு வேண்டியது கிர்கிஸ் பணம் சோம். ஒரு காலத்தில் இரண்டு நாட்டுக்கும் ஒரே ரூபிள். நான் போனபோது ஆளுக்கொரு நோட்டு. பணம் மாற்றும் கடைப் பலகையில் ஒரு விலை, சந்தைக்குள் வேறொரு விலை.

தொண்ணூற்றொன்பது ஏப்ரலில் கஜகஸ்தான் அரசு தெங்கேயின் மதிப்பைத் தாங்கிப் பிடிப்பதை நிறுத்தி, அதன் போக்கில் விட்டுவிட்டது. அது வரப்போவது தெரியாமல் முந்தின சனிக்கிழமை முழுக்க தெங்கேயாக வாங்கிக் கட்டி வைத்தேன். திங்கட்கிழமை மாற்றப் போனால் அது மதிப்புச் சரிந்து என் முதலையே தின்றிருந்தது. அன்றைக்கு வந்த வெறியில்தான் எழுத ஆரம்பித்தேன். பொதிக்கு எண் போடும் மார்க்கரால், கன்டெய்னர் கதவின் உள்பக்கத்தில், தினமும் ஒரு வரி: தேதி, ஒரு சோமுக்கு எத்தனை தெங்கே. மூன்றைச் சுற்றியே ஏறும், இறங்கும். சில வருடத்தில் கதவு நிரம்பிச் சுவருக்குப் போனது.

நான் எழுதியது போணி விலை. காசிமேட்டு மீன்கூடையானாலும் சரி, பிஷ்கேக் நைட்டியானாலும் சரி, முதல் ஆளிடம் நான் கறார் பேசுவதில்லை. முகம் மலர்ந்து போகட்டும் என்று அவள் தெங்கேக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்புப் போட்டு வாங்கிக்கொள்வேன். சண்டையெல்லாம் இரண்டாவது ஆளிலிருந்துதான்.

ஒருநாள் ஐபெக் என்ற கல்லூரி ஆசிரியர் நைட்டி வாங்க வந்து, கதவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"பாய்க்கே, இது எந்த நேரத்து விலை?" என்றார். பாய்க்கே என்றால் அங்கே அண்ணன்.

"முதல் விலை."

"சந்தை திறக்கும்போது உள்ள விலையா?"

"ஆமாம், முதல் ஆளுக்கு."

நாலு நாள் என் டீயைக் குடித்துக்கொண்டு அத்தனையையும் எழுதிக்கொண்டார், படம் பிடித்தார். இந்த இரண்டு நோட்டுக்கும் சந்தை விலையை இத்தனை வருடம் வேறு யாரும் எழுதி வைக்கவில்லை என்றார். அடுத்த வருடம், அதை வைத்து எழுதிய கட்டுரை இன்டர்நெட்டில் வந்துவிட்டது என்று, அதன் முகவரி எழுதிய ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்தார். அதைப் பத்திரமாக ஊருக்குக் கொண்டுவந்தேன். தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, மனைவியையும் அழைத்துக்கொண்டு, அவள் தம்பி சேகரின் பிரவுசிங் சென்டருக்குப் போனேன்.

"மாமா, கடேசி வரிக்கும் பாத்துட்டேன். உன் பேரு இல்ல."

"நல்லா பாருடா. கணக்குக்குக் கீழ இருக்கும்."

"கீழ இன்னா போட்டுகீறான் தெரியுமா? சந்தையில வாய்மொழியா தெரட்டுனதாம்."

"வாய்மொழியா? கதவு முழுக்க என் கையால எழுதிகீறேன்டா!"

"நாலாங்கிளாஸ் ஆளு பேரப் போட்டா அவன் படிப்புக்கு இன்னா மரியாத? உடு மாமா. தெருவுக்கே சொல்லிக்கினு வந்தியே, எத்தினி ஜெராக்ஸ் போடட்டும்?"

என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சேகர் முடிவுரையையும் தமிழில் சொன்னான். பலகை விலையைவிடச் சந்தையில் தெங்கேக்கு எப்போதும் சற்றுக் கூடுதல் மதிப்பு இருந்ததாம். வங்கிகளைவிட வியாபாரிகளுக்கு தெங்கே மேல் நம்பிக்கை அதிகம் என்பதற்கு அதுவே சான்றாம்.

நம்பிக்கையா? என் முதலைத் தின்ற நோட்டின் மேல் எனக்கு நம்பிக்கையா? அது போணிக்கு நான் கொடுத்த சலுகை! எடுத்தவருக்கு எதை எடுத்தோம் என்றுகூடத் தெரியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். படிக்காதவனிடம் கணக்கை வாங்கலாம், காரணத்தைக் கேட்கக் கூடாது போலிருக்கிறது.

திரும்பிப் போனதும் கல்லூரிக்கே போய்ச் சத்தம் போட்டேன். போணி என்றால் என்ன என்று அரை மணி நேரம் சொன்னேன். ஐபெக் முகம் சிவந்துவிட்டது.

"அடுத்த முறை திருத்தும்போது பார்க்கலாம், பாய்க்கே. ஆனால் உங்களை எந்த ஊர்க்காரர் என்று போடுவது?"

சந்தையில் நான் 'இந்தியன்'. ராயபுரத்தில் இறங்கினால் 'ரஷ்யாக்காரர் வந்துட்டார்' என்கிறார்கள், ரஷ்யாவில் நான் ஒருநாளும் இருந்ததில்லை என்றாலும். அன்றைக்குச் சொல்லாததை இங்கே அச்சில் சொல்கிறேன், யாராவது அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அந்த அட்டவணை என்னுடையது. அதன் கீழே கோ. ஏகாம்பரம் என்று போடுங்கள். போணி விலை என்று போடுங்கள். ஊர் என்ற இடத்தில் ராயபுரம், பிஷ்கேக் இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் எழுதுங்கள். எதையும் அடைப்புக்குறிக்குள் தள்ளாதீர்கள்.